கூரைக்கு ஒரு விலை

கந்தப்பளையில் பெனடிக்ட் முதலாளியின் மரக்கறி ஸ்டோர்.
லீக்ஸ் கட்டுகளுக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.
சிவப்பு மாஸ்டா. இரண்டே இரண்டு இருக்கை.
என்னைவிட ஒரு வயது மூத்தது.

"நாப்பத்தஞ்சு," என்றார்,
நான் முதல் முடிச்சை அவிழ்க்கும் முன்னமே.

அவருடைய கணக்கு இப்படி:
நுவரெலியாவில் ஹோட்டல் நடத்திய ஒருவன்
கரட்டாகவும் கோவாவாகவும் வாங்கிய கடன்
முப்பத்தொரு லட்சம்.
சாவியைக் கையில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.
அதற்கு வட்டி.
வட்டிக்கு மேல் இடவாடகை:
"இது நிக்கிற இடத்தில
இருநூறு மூட்டை அடுக்கலாம் மிஸ்.
ரெண்டு வருசமா அடுக்கல்ல."

நான் ஹட்டனில் லீசிங் கம்பெனிக்கு
வாகனம் மதிப்பிடுகிறவள்.
யார் எவ்வளவு ஆசையாய்க் கழுவிக் கொண்டுவந்தாலும்
என் வேலை கழித்தல்.
அன்று லீவு. எனக்காக வந்திருந்தேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்திருந்த காந்தம்
கதவில் ஒட்டியது.
கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்
வழுக்கி விழுந்தது.
உள்ளே இரும்பில்லை, பட்டி. இரண்டரை லட்சம்.
துணிக்கூரையின் மடிப்பில் கிழிசல். ஒன்று.
முகத்துக்குள் ஒளிந்திருக்கும் விளக்குகளில்
சுவிட்சைப் போட்டதும் ஒன்றுதான் எழுந்தது,
மற்றது பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளை. முப்பதாயிரம்.
கம்பளத்தைத் தூக்கினேன். ஈரம்.
ஈரத்தில் ஓர் உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தது.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

இராகலை வீதியில் மூன்று வளைவு ஓட்டினேன்.
முதலாவதில் இரண்டாம் கியர் கறகறத்தது. முக்கால் லட்சம்.
இரண்டாவதில் பிரேக் சற்றே இடப்பக்கம் இழுத்தது. எழுதிக்கொண்டேன்.
மூன்றாவதில்
தேயிலை எல்லாம் ஒரு பக்கம் சாய, வண்டி சாயவில்லை.
நான் திருப்பியதாக ஞாபகமில்லை,
நினைத்தேன், திரும்பியது.
அந்த வளைவில் எதையும் கழிக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு
முப்பத்தொன்பது என்றேன்.
அவர் நாற்பத்திரண்டுக்கு இறங்கினார்.
ஒரு ப்ளேன்டீ முடிவதற்குள் நாற்பதில் நின்றோம்.

கை கழுவப் பின்பக்கம் போனேன்.
கோழிக்கூட்டுக்கு மேலே ஒரு கூரை.
தகரம் இல்லை.
வளைந்து, பின்னால் கண்ணாடி வைத்து,
எச்சத்துக்கு அடியில் அதே சிவப்பு.
இந்த வண்டிக்கென்றே கம்பெனி வார்த்த கடினக்கூரை.
தேடினால் கிடைக்காது. கிடைத்தால் ஆறு லட்சம்.
கண்ணாடி வழியாக ஒரு பேட்டுக்கோழி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரியாது.
"அந்தப் பழசையும் ஏத்திக்கிறேனே" என்றால் முடிந்தது.
கோழிக்குப் புதுத்தகரம் வாங்கித் தருகிறேன் என்றால்
நல்ல மனசு என்றுகூடச் சொல்வார்.
குழாயை மூடினேன். திறந்தேன்.
கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

சொன்னேன்.

வந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.
காய்ந்த எச்சம் உதிர்ந்து
ஐந்து சதம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது.
நன்றி சொல்வார் என்று ஏன் நினைத்தேனோ.
"ஆறுண்டு நீங்கதான் சொல்றீங்க,
பத்தாவும் இருக்கலாம்," என்றார்.
பிறகு என்னை முதன்முறையாக நேராகப் பார்த்து,
"இவ்வளவத்தச் சொல்றவங்க
இன்னும் எதச் சொல்லாம வச்சிருக்கீங்க?"

மூன்றாம் வளைவை.

தூறல் தொடங்கியது. கோழிகள் கூரைக்குக் கீழே ஒதுங்கின.
இரண்டாவது ப்ளேன்டீ வந்தது, சீனி குறைவு.
"அம்பத்திரண்டு,"
என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.