பதினேழுக்கு மேல்

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள்
குளியலறைக் குழாயில் கை வைத்த நிறைமதி
"அம்மா, தண்ணி கடிக்குது" என்றாள்.
பல் முளைத்த தண்ணீரை
நானும் தொட்டுப் பார்த்தேன்.
முழங்கை வரை ஏறி
ஓர் எறும்புக் கூட்டம் திரும்பிப் போனது.

சவரிமுத்து டெஸ்டரைச் சுவரில் வைத்தார்.
சுவரே எரிந்தது, சின்னச் சிவப்பாய்.
"எர்த்து இல்லக்கா.
கம்பி மீட்டர் பெட்டி வரைக்கும் வந்திருக்கு,
அப்புறம் அதுக்கு வழி தெரியல."
செருப்பைக் கழற்றாமலே நின்றார்.
வீட்டுக்குள் செருப்பு என்று
அன்றைக்கு நான் முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்காரர் குவைத்தில்.
வாடகை வாங்குவது அவர் மைத்துனர் செங்குட்டுவன்,
ஐந்தாம் தேதி, ஆறாகாது.
மேலே பாருங்கள் என்றேன்.
காரை உதிர்ந்த இடத்தில் துருவேறிய கம்பிகள்,
மெலிந்த மாட்டின் விலாவைப் போல.
பார்த்தார்.
"ஓடம்போக்கி ஓரத்து வீடுன்னா
ஈரம் இருக்கத்தாம்மா செய்யும்.
அஞ்சு வருஷம் இருந்த வாத்தியார்
ஒரு வார்த்தை சொன்னதில்ல."
வாத்தியார் ஏன் காலி செய்தார் என்று கேட்டேன்.
எங்கள் வாடகைக்கு ரசீது கிடையாது,
அதுபோல அந்தப் பதிலும்.

எனக்கு ஈரத்தோடுதான் வேலை.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
கருவியின் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்,
கண்ணாடிச் சதுரத்தில் ஓர் எண்.
பதினேழு வரை எடைமேடைக்கு.
பதினேழுக்கு மேல் களத்துக்கு.
ஒருநாள் சுவர்க்காரைத் துண்டொன்றைக்
கைப்பையில் கொண்டுபோனேன்.
மத்தியானம், ஆளில்லாத நேரம்,
நுணுக்கிக் கிண்ணத்தில் போட்டேன்.
கருவி சற்று யோசித்தது.
பிறகு மூன்று கோடு காட்டியது.
நெல் அல்லாததைப் பற்றி
அதற்குக் கருத்து இல்லை.

அடுத்த வாரம் டிராக்டரில் வந்தார் செங்குட்டுவன்.
குறுவை, நாற்பத்து மூன்று மூட்டை.
என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
"ரெண்டு பாயிண்ட்தானே, பாத்துப் போடும்மா.
வானம் வேற இப்படி நிக்குது."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
மாதாமாதம் வாசற்படியில் நின்று
நான் பேசும் குரல் அது.
இரக்கம் வந்தது.
அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு
ஒரு கெட்ட சந்தோஷமும் வந்தது.
"களத்துல கொட்டுங்க" என்றேன்.
"வீட்டுக்கு நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்றார்.
"அது வேற, இது வேற."
சொன்ன நாக்கு கசந்தது.
அந்த 'நாளைக்கே'வுக்காக
இரண்டு வருஷம் காத்திருந்தவள் நான்.

மூன்று நாள் தார்ச்சாலையில் பரப்பினார்.
தூறல் விழுந்தபோதெல்லாம்
தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்.
பதினாறு புள்ளி எட்டு.
பட்டியல் போட்டேன்.
ஆள் வரவில்லை.

சவரிமுத்துவிடம் கடன் சொல்லி
மின்கசிவு கண்டால் விழுகிற பெட்டியொன்று மாட்டினேன்.
கொல்லையில் குழி தோண்டி
உப்பும் கரியும் கொட்டி
வழி தெரியாத கம்பிக்கு மண்ணைக் காட்டினோம்.
இரண்டாயிரத்து எழுநூறு.
வாடகையில் கழித்துக் கொடுத்தேன்.
எண்ணிய செங்குட்டுவன் மறுபடி எண்ணினார்.
"ரோட்டுல காயவச்ச கூலிய
எனக்கு யாரு கழிச்சாங்க?"
நியாயம் போலத்தான் இருந்தது.
அது ஏன் நியாயம் இல்லை என்று கண்டுபிடிக்க
இரவு பதினொன்று ஆயிற்று.
அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

நேற்று மழை வலுத்தது.
இரண்டு மணிக்குப் பெட்டி
டக்கென்று விழுந்தது.
தெருவெல்லாம் வெளிச்சம்,
எங்கள் வீடு மட்டும் இருட்டு.
"கரண்ட் போச்சாம்மா?"
"இல்லடி, சரியாத்தான் இருக்கு. தூங்கு."

கம்பிகள் இருக்கும் திசையிலிருந்து
ஒரு சிட்டிகைக் காரை
என் நெற்றியில் விழுந்தது.
விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

இருபது இருக்கும்.