இரண்டு டாலர் பறவைகள்

ஜீலாங்கில், தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும்
பழைய சாமான் கடையில்
இரண்டு டாலருக்கு ஒரு பறவைக் கையேடு.
சாருமதி ‘வீண்செலவு’ என்று தலைப்பிட்ட பத்தியில்
இந்த மாதம் இன்னும் பதினோரு டாலர் மிச்சம்.

யாரோ பார்த்ததையெல்லாம்
பென்சிலால் சரி போட்டிருக்கிறார்.
மாக்பைக்கு மூன்று சரி.
அறுபத்து நான்காம் பக்கத்து ஆந்தைக்கு மட்டும்
ஒரு கேள்விக்குறி, ஒரு தேநீர்க் கறை.

பைனாகுலர் எண்பத்தொன்பது டாலர்.
தீபாவளிக்கு வாங்கலாம்,
இல்லை, காருக்கு டயர் மாற்றிய பிறகு.
அதுவரை வெறுங்கண்.

நேற்றிரவு குப்பைத்தொட்டியை
உருட்டிக்கொண்டு போகையில்
மின்கம்பியில் ஏதோ ஒன்று
முழுக் கழுத்தையும் திருப்பி
என்னைப் பார்த்தது.

உள்ளே ஓடிப் பென்சில் தேடினேன்.
அவருடைய கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
என்னுடையதையும் போட்டேன்.