சுமை ஏற்றிப் பார்

காலை ஆறு பத்து.
எமரால்டு அணையில் தண்ணீரைக் காணவில்லை,
பனிதான் கரைவரை வந்து நிற்கிறது.
மீட்டரின் கவ்விகளைப் பாட்டரியின் இரண்டு காதிலும் மாட்டுகிறேன்.
12.7.
"நிறைஞ்சிருக்கு" என்கிறேன்.
ஹாலன் பதில் சொல்லவில்லை.
எட்டு நாளாகச் சொல்வதில்லை.

பதினான்காயிரம் ரூபாய் பாட்டரி.
பாதி என் சீட்டுப் பணம்,
பாதி அவன் பூண்டு விற்ற காசு.
ஐந்து மணி நேரம் ஓடியது மூன்றாகி,
மூன்று இரண்டாகி,
போன செவ்வாய் நடுநீரில் நின்றே போனது.
ஒற்றைத் துடுப்பை மாறி மாறிப் போட்டோம்,
மாறி மாறித் திட்டினோம்,
துடுப்பு போடாதவனுக்குத்தான் மூச்சு அதிகம் இருந்தது.

மோட்டாரின் தலையில் நாலு பச்சை விளக்கு.
நாலும் எரிந்தால் முழுசு என்கிறது
கூட வந்த காகிதம்.
கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவரின் சிரிப்பு அது,
யார் வந்தாலும் ஒரே அளவு.

ஊட்டிக்குப் போய்
பாட்டரிக் கடை முபாரக்கிடம் கத்தினேன்.
அவர் டீ சொல்லிவிட்டு, அது வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.
"சும்மா கிடக்கிறப்ப எல்லாப் பாட்டரியும் நல்ல பாட்டரிதான்.
சுமை ஏத்திப் பாருங்க.
எவ்வளவு இருக்குன்னே கேக்கறீங்களே,
எது திங்குதுன்னு கேட்டீங்களா?"
கேட்கும் வசதிக்கு
ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டரையும் விற்றுவிட்டார்.

அது இப்போது என் முழங்காலருகே,
டிபன் பாக்ஸ் மூடியில் டேப் ஒட்டி.
மேலே வோல்ட், கீழே ஆம்பியர்.
பாட்டரிக்குச் சாக்குப் போர்த்தியிருக்கிறேன்,
இந்தக் குளிரில் அதற்கும் சோம்பல்.

மூன்றாவது வேகம்.
சத்தமே இல்லாமல் படகு பனிக்குள் போகிறது.
12.1.
கீழே 31.
பதினெட்டு தாண்டக் கூடாது, காகிதப்படி.
காகிதத்தில் குளிர் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது
என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

சீகைக் காட்டுக் கரை.
எண்ணெய் டப்பா மிதவைகள்.
வலையில் மூன்று கெண்டை.
திரும்பும்போது அவலாஞ்சிப் பக்கமிருந்து காற்று.
11.8.
11.6.
நிறுத்துகிறேன்.
எண் தானாக ஏறுகிறது:
11.9, 12, 12.2.
ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையசைக்கிற ஆள் மாதிரி.
நம்பி எழுப்பினால்
அடுத்த மாடியில் விழுவான்.

"முப்பத்தொண்ணு எதுக்கு?"
ஹாலனின் குரல்.
எட்டு நாளில் கொஞ்சம் கரகரத்திருந்தது.

மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கினான்.
விசிறிக்கும் தண்டுக்கும் நடுவே
பம்பரத்தில் சுற்றியதுபோல் இறுக்கமாய் நைலான் நூல்.
மாதக்கணக்கில் சுற்றியது,
அடியில் பாசி பிடித்துப் பழுப்பாகியிருந்தது.
பூண்டுத்தாள் நறுக்கும் கத்தியால் கீறிக் கீறி எடுத்தான்.
கடைசித் துண்டில் ஒரு முடிச்சு.
இரட்டைச் சுற்று, இடது வளைவு.
நான் போடுகிற முடிச்சு.
வலையின் ஓரத்தை நான்தான் கட்டினேன், ஏப்ரலில்.

அவன் முடிச்சைப் பார்த்தான்.
நான் பார்ப்பதையும் பார்த்தான்.
தண்ணீரில் எறியாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இறக்கி ஓட்டினோம்.
17.
காற்று அப்படியேதான் இருந்தது.
படகு மட்டும் யாரோ இறங்கிக்கொண்டதுபோல் போனது.
முபாரக்கிடம் என்ன சொல்வது என்று
கரைவரை யோசித்தேன்.
டீக்குக் காசு கொடுத்தேனா என்பதும் நினைவில்லை.

கயிற்றை முளையில் கட்டினோம்.
சாக்குக்குள் ஒரு கெண்டை இன்னும் வாலடித்தது.
"எவ்வளவு?" என்றான்.
"12.3."
"ஓடறப்பவா, நின்னப்புறமா?"