தலை வாருகிறவன்

கும்பகோணம், பெரியகடைத்தெரு,
பாத்திரக் கடைக்கு மேல்மாடி.
கீழே குடத்துக்கு ஒடுக்கு எடுக்கிறார்கள்.
ஒவ்வொரு தட்டுக்கும்
மேசையில் தேநீர் நடுங்குகிறது.

இர்பான் திரையைத் திருப்பிக் காட்டுகிறான்:
'நாலாயிரத்துச் சொச்சம் சிற்பம், மேடம்.
ஒரே ராத்திரியில் பேர் வைத்துவிட்டது.'
அதில் முந்நூறுக்குப் பேர் வைக்க
எனக்கு இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

நன்றாகத்தான் சொல்கிறது.
பிட்சாடனரைப் பிசகவில்லை.
மூக்குப் போன துர்க்கையை
எருமைக் கொம்பை வைத்தே பிடித்துவிடுகிறது.
சண்டேசரிடம் மட்டும் தடுமாற்றம்;
மழுவைக் கண்டால் போதும், யாரும் அதற்குச் சிவன்.
'யார் முன்னால் யார் குனிகிறார்கள் என்று
முதலில் பார்க்கச் சொல்லுங்கள்' என்றேன்.
அந்தோணிச்செல்வி குறித்துக்கொண்டாள்.

பிறகு அரசலாற்றுக் கரைக் கல் வந்தது.
முழங்கால் உயரம்தான்.
இடக்கை குடுமியைப் பற்றியிருக்கிறது,
வலக்கை கழுத்தோரம்.
கீழே எழுத்து:
தலை வாரும் ஆண். தொண்ணூற்றொரு சதவீதம்.

சிரித்தார்கள். நானும்.
செல்வி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாள்,
திரையில், ஒற்றை விரலால்,
சூரியனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுவதுபோல.
காறையெலும்பின் மேல் ஒரு மேடு எழுந்தது.
வாளின் அடி.
மிச்ச வாளை மழை கொண்டுபோயிருந்தது.

'இவன் தலை வாரவில்லை.
குடுமியைப் பிடித்திருப்பது
அறுத்த தலை மண்ணில் உருளாமல் இருக்க.
நவகண்டம் என்பார்கள்.
யாருக்காக என்று தெரியாது.'

கீழே தட்டல் நிற்கவில்லை.

'அப்போ தப்பாக யார் சொல்லிக் கொடுத்தது இதற்கு?'
இர்பான் பின்னோக்கித் தேடிப் போனான்.
கிடைத்தது. ஆனால் திரையை
என் பக்கம் திருப்பவில்லை.
எட்டிப் பார்த்தேன்.

என் ஆய்வேடு. பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, அடிக்குறிப்பு:
'ஒப்பனையில் ஈடுபட்ட ஆடவன்;
தலை வாருகிறான் போலும்.'

அந்தப் 'போலும்' ஒன்றை மட்டும்
அது படிக்கவில்லை.

அன்றைக்கு உச்சி வெயில், கல்லெல்லாம் சப்பை.
உளுந்துச் செடி காயப் போட்டிருந்தார்கள் அதன்மேல்,
ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன்.
ஒன்று பத்துக்கு பஸ்.
விட்டால் நாலு மணிக்குத்தான்.

சாயங்காலம் அதே தடத்தில் ஏறினேன்.
'தலமேடு, தலமேடெல்லாம் முன்னால வா'
என்று கண்டக்டர் கத்தினார், அன்று போலவே.
கையில் மகளிர் கட்டணமில்லாச் சீட்டு,
காசு கொடுக்காததால்
யாரும் படிக்காத சீட்டு.
ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன்.
இறங்குமிடம்: தலைதந்தான்மேடு.

தலையும் மேடும் அன்றைக்கே என் காதில் விழுந்தவை.
நடுவில் கண்டக்டர் விழுங்கியதை
நான் கேட்கவில்லை.

சீட்டைப் படமெடுத்து இர்பானுக்கு அனுப்பினேன்,
இதையும் சேர்த்துக்கொள் என்று.
'எந்தக் கட்டத்தில் மேடம்?'

மதகு தாண்டி பஸ் நின்றது.
இறங்கி, நடந்துகொண்டே தட்டினேன்:
'போலும்' என்று ஒரு கட்டம் போடு, முதலில்.