டோக்கன் பதினேழு

"பச்சைக் கறிக்கா சிஸ்டர், வெந்த கறிக்கா?"
லாங் பஜார் நஜ்முத்தீன் பாய் கேட்டார்.
பதினோரு வருஷமாய்த் தியேட்டரில்
பத்து, பதினொன்று, பதினைந்து என்று
பிளேடு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள்
எடுத்து வைக்கிறவள் நான்.
பதில் தெரியாமல் நின்றேன்.

வாங்குவது லிப்ட் தனகோட்டிக்கு.
ஆறு நாள் ஸ்ட்ரெச்சரோடு மேலும் கீழும்.
ஏழாம் நாள் கொசப்பேட்டை மொட்டை மாடி.
செத்துப்போன வாஷிங் மெஷினின் டிரம்மைக் கழற்றி
அதில் கரி நிரப்பி
மேலே கம்பி வலை.
மிளகும் தயிரும் ஊறிய ஆட்டுத் தொடையை
அவர் திருப்புவதைப் பார்க்க வேண்டும்.
ஆபரேஷன் முடிந்த ஆளைக் கட்டிலில்
புரட்டிப் படுக்கவைக்கும் பதனம்.

அறுக்கும்போதுதான் சங்கடம்.
வீட்டில் இருப்பது தக்காளிக் கத்தி.
அறுக்காது, இழுக்கும்.
நாராய்ப் பிய்ந்து
சாறெல்லாம் பலகையில் ஓடும்.
"போச்சு பாரு, ரெண்டு மணி நேரம்" என்பார்.
பிய்ந்ததைத் தன் தட்டில் தள்ளிக்கொண்டு
முழுசாய் வந்ததை எங்களுக்கு வைப்பார்.

"வெந்தது பாய். தொடை."

நாலு கத்தி வந்தது.
ஒன்று எலும்பை உடைக்கிற ஜாதி.
ஒன்றில் சிங்கம் பொறித்து பளபளப்பு;
"இது போட்டோவுக்கு" என்று அவரே ஒதுக்கினார்.
மூன்றாவது நாக்கு மாதிரி வளைந்தது.
நாலாவது நீளம், ஒடிசல்.
பிடியின் கடைசிவரை இரும்பு ஓடி
மூன்று ஆணியில் நின்றது.
கழுத்தில் ஒரு விரல் கொடுத்தேன்,
தராசு முள்ளாய்ப் படுத்தது.
பழைய பேப்பரில் இழுத்தேன்,
சத்தமே இல்லை.
ஆயிரத்து நூறு சொன்னார்,
தொள்ளாயிரத்து அறுபதுக்கு முடிந்தது.

"கிப்டா?" கட்டின கை நின்றது.
"சும்மா கொடுக்காதீங்க, உறவு அறுந்துடும்.
ஒத்த ரூபாயாவது வாங்கிக்குங்க."

கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும்,
கீழே வை, எடுத்துக்கட்டும் என்பாள் அம்மா.
கைக்குக் கை கொடுத்தால் ரத்தம் வரும்,
டிரேயில் வை, டாக்டர் எடுத்துக்கட்டும் என்பது தியேட்டர்.
அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

ரெண்டு மணி டியூட்டி.
கேட்டில் மெஷின் வீறிட்டது.
அணைக்கட்டுப் பையன், வேலைக்குப் புதுசு.
"இன்னா சிஸ்டர் இது?"
என்ன சொல்ல.
டோக்கன் பதினேழு.
யாரோ ஒடுகத்தூர்க்காரரின் இளநீர் அரிவாளுக்கும்
ஒரு ஹெல்மெட்டுக்கும் நடுவே
கத்தி உட்கார்ந்தது.
உள்ளே போய்
இருட்டுவதற்குள் மூன்று வயிறு திறந்தோம்.

அவருக்கு அன்றுதான் இங்கே கடைசி நாள்,
திங்களிலிருந்து ராணிப்பேட்டைக் கிளை.
ஸ்ட்ரெச்சர் நடுவில்,
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
பாக்கெட்டில் டோக்கன்.
"அங்க லிப்ட் தானா பேசுமாம் சிஸ்டர்.
மாடி வந்துச்சுன்னு அதுவே சொல்லிடுமாம்.
அப்ப எனக்கு இன்னா வேலை?"
மூன்றாவது மாடி வந்தது.
அவர் சொல்லவில்லை, கதவைத் திறந்தார்.

ஞாயிறு,
கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன்.
பிரித்துப் பார்த்தார், தொடவில்லை.
சட்டைப் பையைத் தடவினார், லுங்கி மடிப்பைத் தடவினார்.
இந்தக் காலத்தில் யாரிடம் சில்லறை.
போனை எடுத்துக் கண்ணைச் சுருக்கி
எதையோ அழுத்த
என் போன் டிங் என்றது:
ஒரு ரூபாய், தனகோட்டி.
அப்புறம்தான் எடுத்தார்.

கால் மணி கறியை ஆறவிட்டார்.
ஒரே இழுப்பு.
சீட்டுக்கட்டில் ஒரு சீட்டுபோல் சாய்ந்தது துண்டு.
பலகை காய்ந்தே கிடந்தது.
"பாத்தியா" என்றார், கறியிடம்.
பிய்ந்தது ஒன்றும் இல்லாததால்
தன் தட்டுக்கு என்ன எடுப்பதென்று
கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த ஞாயிறு துணி காயப்போடுகிறேன்,
டிங்.
இன்னொரு ரூபாய்.
என்ன ஏது என்று கூப்பிட்டேன்.
கரி வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே கத்தினார்:
"சாணை வெச்சேன் சிஸ்டர்.
கத்தி புதுசாயிடுச்சே!"