லெட்டர்பேட்

முதலில் வந்தவன் செருப்பை வாசலில் கழற்றினான்.
நிர்வைல். விவசாயக் கல்லூரி, இரண்டாமாண்டு.
மீசை ஒரு பக்கம் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது.
நூறு தாள், என்றான். மேலே வல்லூறு,
கீழே படையின் பெயர்,
தலைமையகம் என்று போட்டு
இடத்தைக் காலியாக விடு.
எண்பத்தாறு, கோதுமை அறுப்பு நேரம்.
காசை எண்ணி வைத்தான். மீதி ஒன்றரை ரூபாயைக் கேட்டு வாங்கினான்.

என்னிடம் வல்லூறு இல்லை.
கோழித் தீவன விளம்பரத்துச் சேவலை எடுத்துக்
கொண்டையைச் செதுக்கி எறிந்தேன்,
அலகை வளைத்தேன்.
மூன்று மாவட்டம் அதைப் பார்த்து நடுங்கியது.

பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள்:
பெண்பிள்ளைகளுக்குக் குங்குமப்பூ நிறத் துப்பட்டா.
சாராயக் கடைக்குப் பூட்டு.
மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பதினோரு பேர்,
அதற்குமேல் ஒரு தலை கூடாது.
பொய் சொல்வானேன், எங்களில் பலருக்குப் பிடித்திருந்தது.
காவல் நிலையத்தில் தலைகீழாய்த் தொங்கிய தம்பி
எனக்கும் ஒருவன் இருந்தான்.

மாவு மில் ராம் லுபாயா தனக்கு வந்த தாளை
என்னிடமே கொண்டுவந்தார்.
மையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.
என் விரல்களைப் பார்த்தார்.
பத்தாம் நாள் அம்பாலாவுக்கு லாரி ஏறினார்.
மில் சாவியை என்னிடம்தான் கொடுத்துப் போனார்.

அடுத்து வந்தவன் செருப்போடு வந்தான்.
அதே பறவை, ஆனால் வலப்பக்கம் பார்க்கட்டும் என்றான்.
படையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி முளைத்தது,
உள்ளே அவன் பெயர்.
பிறகு இன்னொருவன் பெயர். பிறகு அவன் மைத்துனன் பெயர்.
அடைப்புக்குறி தீர்ந்து ஜலந்தரில் சொல்லி வரவழைத்தேன்.
ஒருவரை ஒருவர் துரோகி என்று
என் தாளிலேயே எழுதிக்கொண்டார்கள்.
டிராக்டர் திருடனும் ஒரு கட்டு கேட்டான்.

கடைசியாக பூட்ஸ்.
ஐம்பது தாள், கணக்கில் எழுத வேண்டாம்.
வாசலில் நின்ற ஜீப்புக்கு நம்பர் இல்லை.
நான் அச்சடித்தேன்.

ஹரிக்கே பக்கத்துக் கரும்புக் கொல்லை,
செய்தித்தாளில் நான்கு வரி,
அடையாளம் தெரியாத ஒருவன்.
எரித்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.
போக் சடங்குக்கு அட்டை வேண்டும் என்று வந்தாள்.
பத்து போதும்.
அவன் பெயருக்கு மேலே
பறவை எதுவும் வேண்டாம்.

இப்போது கனடா விசா போஸ்டர்கள், ஃபிளெக்ஸ்.
பழைய இயந்திரத்தின்மேல் சாப்பாட்டுக் கேரியர்.
போன வாரம் தீவனக்காரர் வந்தார்,
கம்பெனிக்கு அறுபது வயதாம்,
பழைய சின்னம் வேண்டுமாம்.
தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
கொண்டை எங்கே என்றார்.