காரணம்: பயிர்ப் பாதுகாப்பு

டிசம்பர் முழுக்கத் துவக்குகள்தான்.
திருகோணமலைக் கச்சேரி, மூன்றாம் கவுண்டர்.
சாக்கில் சுற்றி, பழஞ்சாரத்தில் சுற்றி,
ஒருமுறை பிள்ளையின் பிளாஸ்டிக் பாயில் சுற்றிக்
கொண்டுவந்து கிடத்துவார்கள்.
நான் குழலைப் பார்ப்பதில்லை,
குழலில் வெட்டிய இலக்கத்தைப் பார்ப்பேன்.
ஏட்டில் உள்ளதும் இரும்பில் உள்ளதும் ஒன்றென்றால்
முத்திரை விழும்.
அடுத்த டிசம்பர்வரை அது நல்ல இரும்பு.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
துவக்கு வைத்திருப்பதற்கான காரணம்.
பயிர்ப் பாதுகாப்பு என்று
சேருநுவர ரத்னசிரி சிங்களத்தில் எழுதுவார்.
கிண்ணியா மீராலெப்பைக்கு நானே எழுதிக் கொடுப்பேன்.
பன்றிக்கு எந்த மொழியும் ஒன்றுதான்,
சோளன் பால்பிடிக்கும் இரவு மட்டும் அதற்குத் தெரியும்.

"பிள்ளை," என்றார் மீராலெப்பை,
"வருசா வருசம் நான் கொண்டுவந்து காட்டுறன்.
கட்டுத்துவக்குக் கட்டுறவன்
எந்தக் கவுண்டருக்குப் போறான்?"

முத்திரையைக் குத்தினேன். பதில் சொல்லவில்லை.
ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாய்,
ஒரு பிடி மருந்து,
முழங்கால் உயரத்தில் நைலோன் நூல்.
சுட்டவன் யார் என்று கேட்டால்
நடந்து வந்தவனின் காலைத்தான் காட்டவேண்டும்.

என் மைத்துனன் சுதாகரன்
வெருகல் காட்டோரம் மாடு தேடிப் போனவன்.
இடது காலை முழங்காலுக்குக் கீழே
ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தான்.
பொலிஸ் அறிக்கையில்
துவக்கின் இலக்கம் என்ற இடத்தில்: இல்லை.
அந்த இல்லையைப் பதிய
என் ஏட்டில் ஒரு நிரலும் இல்லை.

இனித் துவக்கென்ற சொல்லே
அவனுக்கு ஆகாது என்று நினைத்திருந்தேன்.
போன கிழமை ஊன்றுகோலோடு வந்து
விண்ணப்பம் கேட்டான்.
"வீட்டுக்குள்ள அது வந்தா நான் வெளிய"
என்று பெண்சாதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.
இரண்டு பேரும் சரி என்று பட்டது.
அதுதான் கஷ்டம்.
ஒன்பதாவது கேள்விக்கு அவன் எழுதியிருந்தான்:
மற்றக் கால்.
வெட்டிவிட்டுப் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதினேன்.

பின்னேரம் கட்டைபறிச்சானிலிருந்து கமலவேணி.
நாலாய் மடித்த பற்றுச்சீட்டு, ஓரமெல்லாம் கறையான்.
எண்பத்தைந்தில் கொண்டுவந்து தா என்றார்கள்,
புருசன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.
கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது,
கையெழுத்து வைத்த ஸ்டேஷன் இல்லை.
"அவரும் இல்லை, துவக்கும் இல்லை.
புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் மட்டும்
தவறாம வருது மகள்."

கோப்பை மூட வழி தேடினேன்.
துவக்கைக் காட்டவேண்டும்,
அல்லது அழிந்ததென்று காட்டவேண்டும்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினால்
கொடுத்தவர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன,
தகப்பன் பெயரோடு, கிராமத்தோடு, துல்லியமாக.
கொடுக்காத துவக்குகள் பேசிய வருடங்களெல்லாம்
இந்த ஏடு
இரும்பு அலுமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

நாலு மணிக்குக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
விறாந்தைக்கு ஏறி வந்தது.
சோத்துப் பார்சல் கடதாசியை நக்கியது,
என்னைப் பார்த்தது, விலகவில்லை.
இங்கே சுடமாட்டார்கள் என்று
எந்த வர்த்தமானியில் படித்ததோ.
பத்தாம் கட்டை தாண்டினால்
இதே மான், கிலோ இவ்வளவு.

கமலவேணிக்குப் போகவேண்டிய
இந்த வருடக் கடிதம் மேசையில் இருந்தது.
எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
மேலே பாரம் எதுவும் வைக்கவில்லை.
காற்றுக்கு விட்டேனா, மானுக்கு விட்டேனா,
ஓடிற்காரர் கேட்கும்போது யோசிக்கலாம்.

சுதாகரனின் படிவம்
இன்னும் கீழ் லாச்சிக்குள்தான்.